ஏழாவது ஆள்

மேனாம்பேடு,
வியாழக்கிழமை, மழை.

மரியாதைக்குரிய துலுக்கானம் மாமாவுக்கு,

நிவேதிதா வணங்கி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வீடு நலமில்லை, சமையலறையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வேப்பம்பட்டில் நீங்களும் அத்தையும் நனையாமல் இருக்க வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். அதனால் கடிதம்.

முதலில் முடிவு. திங்கட்கிழமை திருநின்றவூர் பல் மருத்துவரிடம் நான் வேலைக்குச் சேரவில்லை. வரவேற்பு மேசை, சுழல் நாற்காலி, ஞாயிறு விடுமுறை, எல்லாம் பேசி வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று தெரியும். டாக்டரிடம் என் சார்பில் வருத்தம் தெரிவியுங்கள். நான் வென்றுவிட்டேன்.

எதில் என்று கேட்பீர்கள். ஐஸ் ஹாக்கியில்.

தீபாவளிக்கு வந்தபோது, எம்.ஏ. படித்துவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்து என்னதான் தட்டுகிறாய் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பிடப் போய்விட்டீர்கள். பதில் இது. ஐரோப்பாவில் நாடுகள் பனித்தரையில் ஹாக்கி ஆடுகின்றன. காலில் கத்தி பொருத்திய பூட்ஸ். கையில் மட்டை. பந்து கிடையாது; மசால் வடை அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் அடித்தார், யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று நொடிக்கு நொடி விசையை அழுத்த வேண்டும். பட்டியல் அந்த நாட்டு டிவிகளுக்குப் போகும். அங்கே மதியம் ஆடினால் இங்கே மாலை.

ஆறு மாதம் தற்காலிகம். மூன்று பிழை வரை பொறுப்பார்கள். நான்காவதோடு வீடு. என் மூன்றும் முடிந்திருந்தன. முதல் பிழை சுவீடன் ஆட்டத்தில், கோல் போட்டவனின் எண்ணுக்குப் பதில் கோல் வாங்கியவனின் எண்ணை அழுத்திவிட்டேன், இரண்டாவது பின்லாந்து, அதில் வெளியே போன ஒருவனை நான் வெளியே அனுப்பவே இல்லை, அவன் குளித்து உடை மாற்றிப் பேட்டி கொடுத்துக்கினு இருக்கான், என் பட்டியலில் இன்னும் ஆடிக்கினு இருக்கான், மூன்றாவது செக் நாட்டுக்காரர்கள், எல்லாருக்கும் தாடி, எல்லாருக்கும் ஹெல்மெட், எவன் எவன் என்று எனக்கு மட்டுமில்லை, அவங்க அம்மாவுக்கே தெரியாது.

இதில் ஆட்டம் நிற்கவே நிற்காது, மாமா. கோல் கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர்தான். முக்கால் நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓரத்துப் பெஞ்சுக்கு ஓடுவார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். அறிவிப்பு இல்லை. விசில் இல்லை. நான் எண்ணினால் ஒருமுறை ஐந்து வரும், ஒருமுறை ஏழு வரும்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். டென்மார்க்கும் லாத்வியாவும். எஸ்டேட்டில் முழங்கால் வரை தண்ணீர், வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தையல் மெஷின் மேல் லேப்டாப். பக்கத்தில் அம்மா. முந்தின நாள் பூந்தமல்லியில் கல்யாணம். எட்டுப் பந்தி நின்றபடியே மேற்பார்வை பார்த்துவிட்டு வந்த கால், வெந்நீர் வாளியில். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கால்களுக்கு ஞாயிறு என்றால் வெந்நீர்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது பந்திடி," என்றாள்.

எது என்றேன்.

"அந்தப் பெஞ்சு. சாப்புடறவன் நாற்காலிக்குப் பின்னால அடுத்த பந்திக்காரன் நின்னுகினு கீறான் பாரு. அவன் எந்திரிச்சா இவன் உக்காருவான்."

அதற்குப் பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். நீலச் சட்டையில் ரெண்டு இலை எடுத்தாச்சு, ரெண்டு இலை போட்டாச்சு. தாடிக்காரன் மோருக்குக் காத்திருக்கான், இப்ப எந்திரிக்க மாட்டான். எந்திரிக்கவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் பட்டியலில் எப்போதும் ஆறு பேர் இருந்தார்கள்.

இரண்டுக்கு இரண்டு. கடைசி நான்கு நிமிடம். லாத்வியா கோல் போட்டது. அரங்கம் எழுந்தது. அம்மா வாளியிலிருந்து ஒரு காலை எடுத்தாள்.

"ஏழு இலை," என்றாள். "முன்ன இருந்தவன் கை கழுவப் போவல. அதுக்குள்ள இவன் உக்காந்துட்டான்."

லாத்வியாவுக்கு ஏழு என்று அழுத்தினேன். திரை சிவந்தது. நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குழுத் தலைவி ஷோபனா போனில் வந்தாள். ஆறுக்கு மேல் இருக்க முடியாது, நடுவரே ஒத்துக்கொண்ட கோல், திருத்திவிடு, ரெண்டு நிமிஷம் இருக்கு என்றாள். திருத்தாமல் விட்டு அது தப்பாகிப் போனால் நாளைக்கே லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிடு என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பனியிலேயே பிறந்தவர்கள் ஆறு என்கிறார்கள். அம்மா பனிக்கட்டி பார்த்தது ரோஸ்மில்க்கில். அவளிடம் நிச்சயமா என்று கேட்டேன். மாமா, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"ஆயிரம் பேர் மண்டபத்துல ஒரு இலை கூட வுழுந்தா எனக்குத் தெரியும். நீ போன்ல கீறவகிட்ட சொல்லு. ஏழு."

சொன்னேன். ஏழு. மாற்ற மாட்டேன். ஷோபனா வைத்துவிட்டாள். அம்மா காலைத் திரும்ப வாளிக்குள் விட்டாள். நான் திருநின்றவூரை நினைத்துக்கொண்டேன். சுழல் நாற்காலி. வீங்கின கன்னங்கள்.

ஆட்டம் முடிந்து நாற்பது நிமிடம் கழித்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஏழு. ஏழாவது ஆள் பெஞ்சுக்குப் போகிற வழியில் நின்று கோலை வேடிக்கை பார்க்கிறான். நான்கு நடுவர், எட்டாயிரம் பார்வையாளர், அந்த ஆட்டத்தைப் பட்டியலிட்ட இன்னும் இரண்டு ஊர்க்காரர்கள். எல்லோரும் ஆறு. மேனாம்பேடு மட்டும் ஏழு.

கோப்பை லாத்வியாவுக்குத்தான் போயிற்று. முடிவு மாறவில்லை. பட்டியல் மாறியது. எனக்கு அது போதும். பழைய மூன்று பிழைகளையும் அழித்துவிட்டார்கள். ஷோபனா முதல் தடவையாக என்னை நிவி என்று கூப்பிட்டாள். நிரந்தர வேலைக்கான கடிதம் இந்த வாரமே தபாலில் வருகிறது என்றாள். அம்மா கேசரி கிண்டினாள். எதிர்வீட்டு ராதிகா அக்காவிடம், டென்மார்க்குக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது நாங்கதான் என்று சொல்லியிருக்கிறாள். ராதிகா அக்கா எந்தத் தெரு என்று கேட்டாராம்.

அத்தைக்கு என் வணக்கம். மழை விட்டதும் இருவரும் வாருங்கள். கேசரி மறுபடியும் கிண்டப்படும். உங்கள் ஆசி வழக்கம்போல் என் தலைமேல் இருக்கட்டும். அறிவுரை மட்டும் கொஞ்ச நாள் வேப்பம்பட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வென்றவள்,
நிவேதிதா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கடிதம் வந்துவிட்டது. நிரந்தர வேலைதான். திங்கள் முதல். பெயர்: திருமதி வேம்புலியம்மாள். அதாவது உங்கள் தங்கை. ஏழாவது ஆளைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு படிவம் கேட்டிருந்தது, உண்மையை எழுதியிருந்தேன். ஷோபனாவைக் கூப்பிட்டேன். இருந்தது ஒரே இடம், அந்தக் கண்தான் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நின்னுகினு செய்யற வேலையா, உக்காந்தா என்று கேட்டாள். உட்கார்ந்து என்றேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப போறேன்," என்றாள்.

அம்மாவுக்கு விசையை அழுத்தத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அழுத்த ஓர் ஆள் எடுப்பார்களாம். தற்காலிகம். நானும் விண்ணப்பிக்கலாமாம்.

மாமா, மேலே இரண்டாவது பத்தியைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். டாக்டரிடம் இன்னும் ஒன்றும் சொல்லிவிடவில்லையே?