ஓனர் காகாவும் என் கொழுந்தன் சேகரும்

ஞாயித்துக்கிழம எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். அம்பர்நாத் போயி ஒரு வான்கோழிய வாங்கிட்டு, சுனாபட்டில இருக்குற எங்க வீட்டுக்குக் கொண்டு வரணும். மறுநாள் காலைல ஷூட்டிங் வண்டி வந்து ஏத்திட்டுப் போயிரும். அவ்வளவுதான்.

இந்த வேலைய எனக்குக் குடுத்தது என் தம்பி இசக்கி. சித்தி பையன். ஒரு படத்துல அசிஸ்டெண்ட் டைரக்டரா இருக்கான். ஒரு குடும்பம், அவங்க வீட்டுக்குள்ள ஒரு வான்கோழி, அது பண்ற சேட்ட, கடைசில எல்லாரும் அதக் கட்டிப் பிடிச்சு அழுறாங்க. அதான் கத. செம்பூர்ல ஷூட்டிங்.

"ஒரே ஒரு நாள் வச்சிருக்கணும்க்கா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

தப்பு அவன் மேல இல்ல. இந்த மாதிரிப் படம்னா எனக்கு உயிரு. வீட்டுக்குள்ள குரங்கு வளக்குறவங்க, ஒட்டகம் வளக்குறவங்க, குளிக்கிற தொட்டில பெங்குயின் வளக்குறவங்க, எல்லாரையும் பாத்தாச்சு. பாத்து அழுதாச்சு. போன மாசம் இதே பேஜ்ல மூக்கத் தொடச்சிக்கிட்டே, "ஒரு ஜீவனோட ஒரே கூரைக்குக் கீழ வாழத் தெரியலன்னா நாமெல்லாம் என்ன மனுஷங்க"ன்னு ஒரு வீடியோ போட்டேன். நீங்களும் ஹார்ட்டா விட்டுத் தள்ளுனீங்க. இசக்கி அந்த வீடியோவத்தான் எனக்கே திருப்பி அனுப்பினான்.

எங்க வீட்டுக்காரரு பேரு சுயம்பு. லேத் பட்டறைல வேல. அதிகம் பேசமாட்டாரு. "இன்னைக்கு சாயங்காலம் ஓனர் வாராருல்லா?"ன்னு மட்டும் கேட்டாரு.

வாராருதான். அது எனக்கும் தெரியும்.

வீட்டு ஓனர் ஜோக்லேகர் காகா. மராத்தில காகான்னா சித்தப்பா. என் போன்ல 'ஓனர் காக்கா'ன்னு பறவையாத்தான் இருக்காரு. ரயில்வேல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. அவரு ரகசியம் பேசுனா ரெண்டு மாடிக்குக் கேக்கும். அக்ரிமெண்ட் முடியப் போகுது, வந்து வீட்டப் பாத்துட்டுத்தான் புதுப்பிக்கிறதா இல்லையான்னு சொல்லுவேன்னுட்டாரு. போன வாரம் புரோக்கர் யாரோ ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வந்து, நான் சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போதே எங்க ஹால அளந்துட்டுப் போனான்.

எங்க பொண்ணு கனிக்கு ஸ்கூலு ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் ரிசப்ஷன்ல உக்காருற பல் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு. இதுக்கு முன்னாடி ரெண்டு வீடு மாறியாச்சு. இன்னொரு தடவ சாமான் கட்டுனா நான் அந்தச் சாக்குக்குள்ளயே படுத்துருவேன்.

காகாவோட கண்டிஷன் ரெண்டுதான். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எந்தப் பிராணியும் வளக்கக் கூடாது.

"அவரு சாயங்காலந்தான வாராரு. பாத்ரூமுக்குள்ள விட்டு லைட்ட அணச்சிருவோம். பறவைதான, இருட்டுல தூங்கிரும்"னேன்.

இதுவும் ஏதோ ஒரு படத்துல பாத்ததுதான்.

அம்பர்நாத்ல பண்ணைக்காரர் ஒரு பெரிய மூங்கில் கூடைய எடுத்துட்டு வந்தாரு. கோழிய விடக் கொஞ்சம் பெருசா இருக்கும்னு நெனச்சுப் போயிருந்தேன். உள்ள இருந்தது எங்க சின்ன மாமனாரு உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. அதே கழுத்து. அதே மொறைப்பு.

"ரொம்ப சாது. யாராவது சத்தம் போட்டா மட்டும் பதில் சொல்லும்"ன்னாரு.

"அது பரவால்லங்க. நாங்க சத்தம் போடாத குடும்பம்"னேன்.

கூடையோட லோக்கல் ட்ரெயின்ல லக்கேஜ் டப்பால ஏறுனேன். மீன்காரம்மாங்க எல்லாம் காலிக் கூடையோட உக்காந்திருந்தாங்க. கல்யாண் வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. கல்யாண் வந்ததும் ஸ்பீக்கர்ல ஸ்டேஷன் பேர மராத்தில சொன்னாங்க.

கூடைக்குள்ள இருந்து, களகளகளகள.

ஒரு ஆளு வாய் நெறைய தண்ணிய வச்சு ஆத்திரத்தோட கொப்புளிச்சா எப்படி இருக்கும், அந்தச் சத்தம்.

அடுத்து ஹிந்தில சொன்னாங்க. களகளகள. இங்கிலீஷ்ல சொன்னாங்க. களகளகள. மூணு பாஷைக்கும் பாரபட்சமே இல்ல. டோம்பிவலிலயும் அப்படித்தான், தாணேலயும் அப்படித்தான். காட்கோபர் வர்றதுக்குள்ள டப்பால இருந்த மொத்தப் பேரும் அனௌன்ஸ்மெண்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

பக்கத்துல இருந்த மீன்காரம்மா கூடைய எட்டிப் பாத்துட்டு, "வெட்டுறதுக்கா?"ன்னு கேட்டாங்க.

"இல்ல, நடிக்கிறதுக்கு."

அந்தம்மா கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிட்டாங்க.

குர்லால எறங்கி ஆட்டோ புடிச்சேன். குர்லா டிராபிக்ல எத்தன ஹார்ன் அடிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். எல்லா ஹார்னுக்கும் இவன் பதில் சொன்னான். ஆட்டோக்காரருக்கு இது பிடிச்சுப் போச்சு. ரோடு காலியா இருக்கும்போதும் அடிச்சுக்கிட்டே வந்தாரு.

வீட்டுக்கு வந்ததும் கனி கூடைய ஒரு சுத்து சுத்தி வந்து பாத்துட்டு, "இவன் பேரு சேகர்"னா.

"ஏன்டி?"

"பாத்தாத் தெரியலயாம்மா?"

தெரிஞ்சுது.

சேகர பாத்ரூமுக்குள்ள விட்டோம். வெளிய தாழ்ப்பாளப் போட்டேன். சுயம்பு, காகாவுக்கு டீ போடப் பால் வாங்கப் போனாரு. நான் ஹால்ல கெடந்த எறகப் பொறுக்கிக்கிட்டு இருக்கேன், சாயங்காலம் வாரேன்னவரு மத்தியானமே வந்து காலிங் பெல்ல அடிச்சிட்டாரு.

களகளகள.

கதவத் தொறந்தா காகா. உள்ள வந்ததும் வராததுமா, "என்ன சத்தம் அது?"ன்னாரு. எப்பவும் ஹிந்திலதான் பேசுவாரு, நான் உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

"அவருதான் காகா. தொண்ட கட்டிக்கிச்சு. உப்புத் தண்ணி கொப்புளிக்கிறாரு."

எப்படி வந்துச்சுன்னே தெரியல, அவ்வளவு அழகா வந்துச்சு பொய். காகாவும் தலைய ஆட்டிட்டு சோபால உக்காந்தாரு. அந்த நேரம் பாத்து சுயம்பு பால் பாக்கெட்டோட வாசல் வழியா உள்ள வாராரு.

"நமஸ்தே காகா." குரலு கணீர்னு இருக்கு.

காகா அவரப் பாத்தாரு. பாத்ரூம் கதவப் பாத்தாரு. என்னப் பாத்தாரு.

"உள்ள இருக்கது இவரு தம்பி. ஊர்ல இருந்து வந்திருக்காரு. நான் மாத்திச் சொல்லிட்டேன்"னேன்.

சுயம்பு வீட்டுக்கு ஒரே பிள்ள. அது அவரு மூஞ்சிலயே எழுதியிருந்துச்சு. நல்லவேளை, அவரு எப்பவும் பேசாத ஆளு.

"பேரென்ன தம்பிக்கு?"

நான் வாயத் தொறக்கும் முன்னாடி கனி, "சேகர்"னா. இந்த வீட்ல உண்ம பேசுனது அவ ஒருத்திதான்.

காகா எந்திரிச்சு பாத்ரூம் பக்கமாத் திரும்பி நின்னாரு. "சேகர். உப்புத் தண்ணில கொஞ்சம் மஞ்சப்பொடி போடணும். தெரியுமா?"

களகளகள.

"சூடா இருக்கணும். ஆறிப்போனா பிரயோஜனம் இல்ல."

களகளகள.

காகா எங்களப் பாத்து சந்தோஷமாத் தலைய ஆட்டுனாரு. "நல்ல பையன். சொன்ன உடனே கேக்கான். என் பையன்கிட்ட ஒண்ணு சொன்னா போனப் பாத்துக்கிட்டே இருப்பான்."

அதோட விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். ஆனா காகாவுக்குக் குஷி வந்திருச்சு. எந்த ஊரு, என்ன வேல, கல்யாணம் ஆச்சான்னு ஒவ்வொண்ணாக் கேக்காரு. ஒவ்வொண்ணுக்கும் களகளகள. கல்யாணம் ஆச்சான்னு கேட்டதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாவே வந்துச்சு.

"பாவம், தொண்ட ரொம்ப மோசமா இருக்கு"ன்னு காகா கவலப்பட்டாரு. "இவ்வளவு நேரம் யாராவது கொப்புளிப்பாங்களா? வெளிய வரச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம் காகா, அவருக்குக் கூச்சம்."

"என்கிட்ட என்ன கூச்சம்?"னு கதவுகிட்ட போனாரு. போனவரு அப்படியே நின்னுட்டாரு.

அப்பதான் நானும் பாத்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருக்கு.

காகா மெதுவாத் திரும்புனாரு. அந்த மனுஷன் மெதுவாப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவதான்.

"உடம்பு சரியில்லாத பையன உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கியா?"

நான் சுயம்புவப் பாத்தேன். அவரு பால் பாக்கெட்டப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

காகா தாழ்ப்பாளத் தொறந்தாரு.

சேகர் வெளிய வந்தான். கொடில கெடந்த சுயம்புவோட பனியன் ஒண்ணு எப்படியோ அவன் கழுத்துல மாட்டியிருந்துச்சு. ஒரு கை ஓட்டைக்குள்ள தலைய விட்டிருந்தான். நிதானமா நடந்து ஹாலுக்கு வந்து, காகாவுக்கு எதுத்தாப்புல நின்னு, நிமிந்து பாத்தான்.

"இதா உன் கொழுந்தன்?"ன்னாரு காகா.

நான் பாத்த படங்கள்ல இந்த இடத்துல ஓனரு வழுக்கி கேக்கு மேல விழுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. எங்க வீட்ல கேக்கும் இல்ல, யாரும் வழுக்கவும் இல்ல. காகா ஸ்டடியா நின்னாரு. அந்தப் படத்துல எல்லாம் ஓனர்தான் வில்லன். இங்க நெனச்சுப் பாத்தா, வில்லன் நான்தான். அந்த மனுஷன் என் கொழுந்தன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னாரு.

சாக்கு, கயிறு, டெம்போ எல்லாம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

காகா தன்னோட சொந்தக் குரலுக்கு வந்தாரு. "உங்கள நம்பி வீட்டக் குடுத்தேன்."

களகளகள.

"ஒரு பொய் இல்ல. எத்தன பொய்."

களகளகள.

"இந்தக் காலத்துல யாரையுமே நம்ப முடியல."

களகளகள. பனியனோட சேத்து கழுத்த வேற ஆட்டுனான்.

காகா நிறுத்துனாரு. அவனக் கொஞ்சம் உத்துப் பாத்தாரு. பொறவு என்ன விட்டுட்டு அவன்கிட்ட திரும்பி, "நான் சொல்றது சரிதான?"ன்னாரு.

களகளகள.

"பாத்தியா, இதுக்குக் கூடத் தெரியுது"ன்னு சோபால உக்காந்துட்டாரு.

நான் டீயப் போட்டு முன்னாடி வச்சேன். அவரு பேசிக்கிட்டே இருந்தாரு. அபார்ட்மெண்ட் சொசைட்டில தண்ணி டாங்க் கழுவாதது, ரயில்வேல இவருக்குக் கெடைக்க வேண்டிய ப்ரமோஷன வேற ஒருத்தன் தட்டிட்டுப் போனது, ஒண்ணு விடாம. சேகர் ஒரு எடத்துலயும் மறுத்துப் பேசல. ப்ரமோஷன் கத வரும்போது ரெண்டு தடவ சொன்னான். காகா கண்ணத் தொடச்சிக்கிட்டாரு.

எந்திரிக்கும்போது இருட்டிப் போச்சு. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, "நாளைக்கு அக்ரிமெண்ட் போட வந்துருங்க. பொய் மட்டும் சொல்லாத"ன்னு என்கிட்ட சொன்னாரு. சேகர்கிட்ட, "வரட்டா?"ன்னாரு. அவனும் வாங்கன்னான்.

இத்தோட முடிஞ்சுதுன்னுதான நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மறுநாள் ஷூட்டிங் வண்டி வந்து சேகரக் கூட்டிட்டுப் போச்சு. மத்தியானம் இசக்கி போன் பண்ணான். குரலே சரியில்ல.

"அக்கா, ஒரு ஷாட்டும் எடுக்க முடியலக்கா. டேக்குக்கு முன்னாடி நான் 'சைலன்ஸ்'னு கத்தணும். நான் கத்துனா அது கத்துது. அது கத்துதுன்னு டைரக்டர் என்னக் கத்துறாரு. அதுக்கும் அது பதில் சொல்லுது."

"இப்ப என்னடா செய்யப் போறீங்க?"

"கதைய மாத்தியாச்சு. இனிமே அது ஆடு."

"அப்ப சேகரு?"

"உன் வீட்டுக்கு ஏத்தி அனுப்பியாச்சுக்கா"ன்னு வச்சிட்டான்.

அம்பர்நாத் பண்ணைக்காரருக்குப் போன் பண்ணா, வித்தத திருப்பி வாங்குற பழக்கம் இல்லன்னுட்டாரு. கனிக்குக் கொண்டாட்டம். நான் ரெண்டு நாளா பாத்ரூமக் கழுவிக்கிட்டு இருந்தேன். அந்தப் படங்கள்ல எல்லாம் காட்டுவாங்க, ஓடுறது, ஒளியிறது, கட்டிப் பிடிக்கிறது. யாரும் கழுவுறத மட்டும் காட்டவே மாட்டாங்க.

வேற வழியில்லாம காகாகிட்டயே போயி நின்னேன். இந்தத் தடவ உண்மைய அப்படியே சொன்னேன். அவரு இருக்குறது தரைத்தள வீடு, பின்னால வேலி போட்ட இடம் கொஞ்சம் இருக்கு. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "நானே வந்து கூட்டிட்டு வாரேன்"னு செருப்ப மாட்டிட்டாரு. போகும்போது கனி அழுதா. நான் அழல. எனக்கே ஆச்சரியம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலைல போன் அடிச்சுது. காகாவோட சம்சாரம், காகு. அந்தம்மா அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்ல. அன்னைக்கும் பொறுமையாத்தான் பேசுனாங்க. பின்னாடி காகா நாட்டு நடப்பப் பத்திப் பேசுற சத்தமும், அதுக்குச் சேகர் ஆமாம் போடுற சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சது"ன்னாங்க காகு. "நான் உன்னத் திட்டல. ஆனா ரெண்டுல ஒண்ண நீ வந்து கூட்டிட்டுப் போயிரு. எதுன்னு நீயே பாத்துக்கோ, எனக்கு எதுவானாலும் சரி."