தினமும் தோண்டித் தினமும் மூடிய பள்ளம்

குடியாத்தம்,
12-9-1981.

சிரஞ்சீவி மைத்துனன் அரங்கநாதனுக்கு, மாமா நந்தகோபால் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் கமலவேணியும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்கள் சுகமாக இருப்பீர்கள். சர்க்கார் ஆபீஸில் இருப்பவர்களுக்கு என்ன குறை?

போன சித்திரையில், "எங்க மாமா பொதுக்காரியம்னா முன்னால நிப்பாரு" என்று உன் ஆபீஸில் யாரிடமோ சொல்லிவைத்தாய் அல்லவா, அதன் பலனை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. மக்களே தங்கள் தெருவை முன்னேற்றிக்கொள்ளும் திட்டம் என்று ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுத் தண்ணீர் இறங்கி நம் தெருக் கிணறு கெட்டுப்போனதும், பெண்கள் ஊர்க்கோடி வரை நடந்து குடம் சுமப்பதும் உனக்குத் தெரியும். குழாய் சர்க்கார் கொடுக்குமாம், பள்ளம் நாங்கள் வெட்டவேண்டுமாம், கூலி கிடையாதாம், அதற்குப் பெயர் தொண்டாம். தொண்டர் குழுத் தலைவர் யார் என்று கேட்டுவிட்டு, அவரே பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பெயரைப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தங்கள் தலையில் விழவில்லை என்ற சந்தோஷம்.

ஆடி பிறந்ததும் வெட்டினோம். நம் தெரு அகலத்துக்குப் பள்ளம் நட்டநடுவில்தான் போயிற்று. மறுநாள் விடியற்காலை எதிர்வீட்டுக் கனகராஜ் தறிக்கான பாவு நூலோடு வந்து நிற்கிறான். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடாமல் யார் வீட்டுத் தறி ஓடும்? "இன்னாண்ணே, பள்ளத்துல எறங்கியா பாவு போடறது?" என்றான். சரி, மூடு என்றேன். காலையில் மூடிப் பாவு போட்டோம். சாயந்திரம் மறுபடி தோண்டினோம், ஏனென்றால் பள்ளம் திறந்து கிடந்தால்தான் மக்கள் பங்கு முடிந்தது என்று அதிகாரி எழுதுவார், எழுதினால்தான் குழாய் வரும். இப்படியே தினமும். ஆடி போயிற்று, ஆவணியும் போகிறது, என் முதுகும் போயிற்று.

அதிகாரி பார்வையிட எப்போது வந்தார் தெரியுமா? காலையில். தெரு நெடுகப் பாவு. "பள்ளம் எங்கய்யா?" என்றார். "கீழ இருக்குது சார்" என்றேன். வேறென்ன சொல்ல? "சாயந்திரமா வாங்க சார், தோண்டிக் காட்டறோம்" என்று கனகராஜும் மரியாதையாகத்தான் சொன்னான். மக்களுக்கு ஆர்வம் கம்மி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரே பள்ளத்தை இத்தனை தடவை வெட்டிய ஜனங்களுக்கு ஆர்வம் கம்மியாம், அரங்கா!

யார் காலிலோ நான் விழுந்ததில், நேற்று குழாய் வந்தது. குழாய் பொருத்தும் பிட்டர் முனீர் அகமது சாயந்திரம் குழாய்களைப் பள்ளத்தில் வரிசையாக இறக்கிவிட்டு, காலையில் வந்து ஜாயின்ட் அடைப்பதாகச் சொல்லிப் போனார். விடிந்ததும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பழக்கம்! மூடிவிட்டார்கள். நான் எழுந்து வருவதற்குள் மேலே பாவு காய்கிறது. "இன்னா பெரியவரே, இப்டிப் பேஜார் பண்ணிட்டீங்க" என்று முனீர் அகமது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி தோண்டலாம் என்றால், இன்றே திறப்பு விழா, தேதியை மாற்ற முடியாது என்று அதிகாரி ஆள் அனுப்பிவிட்டார். மதியம் வந்தார். மாலை போட்டுக்கொண்டார். மக்கள் சக்தியைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டுக் குழாயைத் திருகினார். காற்று வந்தது. நன்றாகவே வந்தது. ஜீப் போனபிறகு பெண்கள் திட்டுவார்கள் என்று நின்றேன். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்க்கோடிக்கு நடந்தார்கள். அதில் உன் அக்காளும் ஒருத்தி. என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகையால் இதுவே என் ராஜினாமா. அந்த ஆபீஸில் கொடுத்து என் பெயரை அடித்துவிடச் சொல். இனி தொண்டு என்று யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வேன். உன் மனைவி மனோரமாவை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும், எந்தக் குழுவிலும் சேராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிமிர முடியாத மாமா,
நந்தகோபால்.

பி.கு.: தபால் பெட்டிக்குக் கிளம்பி வெளியே வந்தால், கனகராஜ் வீட்டெதிரே தெரு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடைக்காத ஜாயின்ட்டிலிருந்து தண்ணீர் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. போன பெண்கள் சேதி கேட்டுத் திரும்பி ஓடிவந்து மொண்டுகொண்டிருக்கிறார்கள். அடைக்க வந்த முனீர் அகமதுவைக் கிட்டவே விடவில்லை. "நாளைக்குப் பாவு எங்க போடறது?" என்று கனகராஜ் கத்துகிறான். நியாயம் பேசத் தலைவர் வேண்டுமாம். "தலைவரே, அங்க இன்னா எழுதிக்கினு நிக்கறீங்க? வந்து இந்தக் கொடத்தத் தூக்கி வைங்க" என்று உன் அக்காள் கூப்பிடுகிறாள். பள்ளம் வெட்டிய நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். ராஜினாமாவை யாரிடமும் காட்டாதே. போகிறேன்.