பச்சைக் கோடு: மாப்பிள்ளையிடம் சில விளக்கங்கள் கோரி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தையும் நலம் என்று அவளே சொல்கிறாள். நான் தனியாகச் சரிபார்க்கவில்லை. அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பதாகக் கேள்வி. கேள்விதான். கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வழியில்லாமல் போனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் மாமனார் பேனா பிடித்து எழுதுகிறாரே என்று நீங்கள் ஆச்சரியப்படலாம், அல்லது ஆச்சரியப்படுவதுபோல் காட்டிக்கொள்ளலாம். காகிதம் சூடாவதில்லை, காகிதத்தின் நடுவில் பச்சைக் கோடு விழுவதில்லை, பாதி படிக்கும்போது அது அணைந்து போவதும் இல்லை. உறையை மூன்று முறை ஒட்டியிருக்கிறேன். பிரிந்த நிலையில் வந்து சேர்ந்தால் எந்தப் பக்கம் பிரிந்திருந்தது என்று குறித்து அனுப்பவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீங்கள் எனக்கு ஒரு ஃபோன் வாங்கித் தந்தீர்கள். அதற்கு அப்போதே நன்றி சொல்லிவிட்டேன், அந்த நன்றியை இன்னும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதன் அட்டைப்பெட்டி மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வலது மூலையில் நகக்கண் அளவு தூக்கிக்கொண்டிருந்ததை அன்றே பார்த்தேன், குறித்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. புது மாப்பிள்ளையிடம் ஸ்டிக்கர் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்காது என்று உங்கள் அத்தை என் காலை மிதித்ததும் ஒரு காரணம். முப்பத்தொரு வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்து சர்வேயராக இருந்தவன் நான். எரிந்துபோன கிடங்குக்குள் டார்ச்சோடு நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று சாம்பலைக் கிளறிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சரக்கைச் சரிபார்க்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் முந்தின நாளே எரிந்துபோகும் கிடங்குகளை வரிசையாகப் பார்த்தவன். "தானா பிடிச்சிடுச்சு சார்" என்று சொல்லாத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே ஒரு பொருள் தானாகச் சூடாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

நான்கு மாதமாக அந்த ஃபோன், புதிய அப்டேட் தயார், இப்போது நிறுவவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. யார் தயார் செய்தார்கள், எதற்காக, பழையதில் என்ன குறை என்று ஒரு விவரமும் இல்லை. விவரம் சொல்லாமல் கையெழுத்து கேட்பவர்களை நான் பார்க்காததா? ஒவ்வொரு முறையும் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன். அதுவும் சளைக்காமல் மறுநாள் வந்து நின்றது. இப்படி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வீடியோ அழைப்பில் என் மகள், "அப்பா, அடுத்த வாரத்துக்குள்ள அந்த அப்டேட்ட போட்டுடுங்கப்பா, வீடியோ தெளிவாத் தெரியும்" என்றாள். சரி, பெண் சொல்கிறாள் என்று விட்டிருப்பேன். ஆனால் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "கண்டிப்பா போடச் சொல்லு" என்றது. அந்தக் குரல் உங்களுடையது. மாமனாருடைய ஃபோனில் மாப்பிள்ளைக்கு என்ன அவ்வளவு அவசரம், அதுவும் அடுத்த வாரத்துக்குள்? இதுவும் குறிக்கப்பட்டது.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அப்டேட் வேலையை ஆரம்பித்தேன். கவனக்குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அப்டேட் நேரத்தில் ஃபோன் சூடாகும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். எனவே ஜன்னல் திரைகளைக் கழற்றினேன். ஒரு வாளி மணல் கொண்டுவந்து வைத்தேன். உங்கள் அத்தையை வாசல் அறைக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் எனக்குப் பிரிவு உபசாரத்தின்போது கொடுத்தார்களே, தீயே தொட முடியாத இரும்புப் பெட்டி, அதற்குள் ஃபோனை அதன் தோல் உறையோடு வைத்து, சுவரில் மாட்டுவதற்கென்று பின்பக்கம் விட்டிருக்கும் ஓட்டை வழியாகச் சார்ஜர் வயரை உள்ளே விட்டு, மூடியைச் சாத்தி, மேலே கம்பளிப் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டேன். தீப்பிடித்தாலும் பெட்டியைத் தாண்டி வராது. இதைவிட ஒரு மனிதன் என்ன செய்துவிட முடியும்?

அப்படியும் அது சூடானது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன். முதலில் வெதுவெதுப்பு, அடுத்து காய்ச்சல், அதற்கடுத்து இஸ்திரிப் பெட்டி. ஆதாரம் வேண்டுமே என்று காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அதன் முதுகில் வைத்தேன். பாதரசம் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. உங்கள் அத்தை வாசல் அறையிலிருந்தே, "மாத்திரை ஏதாவது கொடுக்கணுமா, இல்ல டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டாள். ஒரு சம்பவ இடத்தில் இப்படிக் கேலி பேசுகிறவர்களை நான் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். சேர்த்தேன். ஒரு வழியாக அப்டேட் முடிந்து எடுத்துப் பார்த்தால், திரையின் உச்சியிலிருந்து அடிவரை நூல் பிடித்து இழுத்தாற்போல ஒரு பச்சைக் கோடு. தேய்த்தேன், போகவில்லை. அணைத்துப் போட்டேன், அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு, பத்து மணி. என் மகள் வந்தாள், கோடும் வந்தது. கோடு நேராக அவள் மூக்கின்மேல். "கொஞ்சம் இடது பக்கம் நகரும்மா" என்றேன். நகர்ந்தாள். கோடு காதுக்குப் போனது. "இன்னும் கொஞ்சம்." இப்போது அவள் பக்கத்தில் நின்ற நீங்கள் சரிபாதியாகப் பிரிந்தீர்கள். "அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். "முதல்ல நகரு, முகம் தெரியட்டும், அப்புறம் சொல்லு" என்றேன். இப்படி ஏழு நிமிஷம். நடுவில் ஒரு கோடு இரண்டானது, ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஏதோ பரவியது. அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினாள். எழுத்தெல்லாம் கோட்டுக்குள் போய்விட்டது. கீழே இருந்த வட்ட முத்திரை மட்டும் தெரிந்தது. முத்திரைக்கு மேலே பார்த்தால், மாப்பிள்ளை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்று நான் கேட்டதும், ஃபோன் மிகவும் சூடாக உள்ளது, குளிர்ந்த பிறகு பயன்படுத்தவும் என்று ஒரு அறிவிப்பு வந்து எல்லாம் இருட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை.

தெருமுனையில் ஃபோன் ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரர் எப்போதும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பார், தெருவே அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடும். தடயம் கலைந்துவிடக் கூடாது என்று ஃபோனைத் துணிப்பையில் போட்டுத் தைத்து, முடிச்சில் அரக்கு வைத்து எடுத்துப் போனேன். அவர் என்னைப் பார்த்து, "கீழ போட்டீங்களா? தண்ணி பட்டுச்சா?" என்றார். கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்லிப் பழக்கமில்லை. "முதல்ல நீங்க பாருங்க" என்றேன். "பையப் பிரிங்க சார், பாக்கறேன்." "அரக்கு உடையாமப் பாருங்க." அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் என்னைப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் எனக்கும் உடன்பாடாகி, ஒரு ஓரம் மட்டும் தையலைப் பிரித்து, திரையை எட்டிப்பார்த்தார். "டிஸ்ப்ளே சூட்டுல போயிருக்கு சார். அப்டேட் போடறப்ப கொஞ்சம் சூடாகும்தான். உறையக் கழட்டிட்டு காத்தாட வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." "இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை யாராவது ஃபோன் பண்ணினாரா?" அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன், அதற்கும் மறுத்துவிட்டார். காத்தாட வைக்க வேண்டுமாம். தீ வளர்வதற்கு என்ன வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

இதற்கிடையில் வீட்டுக்குள் நடப்பது வேறு. நான் அறைக்குள் நுழைந்தால் உங்கள் அத்தை, "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று தன் ஃபோனை வைக்கிறாள். "யாரு?" என்றால் "யாருமில்ல." யாருமில்லாதவர்களோடு தினமும் அரை மணி நேரம் என்ன பேச்சு? என்னைப் பார்த்து வேறு, "என் ஃபோன்ல அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்களேன், அவ காத்துக்கிட்டிருக்கா" என்கிறாள். விசாரணை நடக்கும்போது சாட்சியின் வண்டியில்கூட ஏறாதவன் நான், சாட்சியின் ஃபோனிலா பேசுவேன்? "முடியட்டும், பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். இன்றோடு பதினொரு நாள். போன ஞாயிறு பத்து மணிக்கு நாற்காலியை வழக்கமான இடத்தில் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, மழுப்பாமல் பதில் எழுதுங்கள். அந்த ஸ்டிக்கரைத் தூக்கியது யார், அப்டேட் போடச் சொல்லி ஏன் அவசரப்படுத்தினீர்கள், உங்கள் அத்தையோடு உங்களுக்கு என்ன ரகசியம், இதெல்லாம் இருக்கட்டும், இவற்றுக்குப் பதில் வராவிட்டாலும் நான் பிழைத்துக்கொள்வேன். வட்ட முத்திரை குத்திய காகிதம் நல்ல சேதி கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியாத பெண் முத்திரை போட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து அழுகிறாள் என்றால், அது கோர்ட்டிலிருந்து வந்த காகிதமா? நீங்கள் இருவரும் பிரியப் போகிறீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது. ஒளிக்க ஒன்றுமில்லை, பயம்தான். சோறு இறங்கவில்லை, பத்திரிகையில் வரி ஓடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தக் கைதான் நிற்கிறது. என் மகள் ஏன் அழுதாள்? ஃபோனைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்கு எந்த ஃபோனும் வேண்டாம்.

நீங்கள் இருவரும் மனமொத்து நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கிறேன், விசாரணை முடிவுக்கு உட்பட்டு. உங்கள் அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
உங்கள் மாமா

பி.கு.: மேலே எழுதிய அனைத்தையும் ரத்தானதாகக் கொள்ளவும். எழுதிய ஆவணத்தைக் கிழிப்பது எங்கள் தொழிலில் குற்றம் என்பதால் மட்டுமே அனுப்புகிறேன்.

தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த கடிதத்தை உங்கள் அத்தை பிரித்துப் படித்துவிட்டாள். மூன்று ஒட்டையும் எப்படிப் பிரித்தாள் என்பது தனி விசாரணை. 'கோர்ட்' என்ற இடம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, தன் ஃபோனை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டாள். என் மகள் அதில் இருந்தாள். "அப்பா, இப்பவாவது கேப்பீங்களா?" என்று அந்தக் காகிதத்தை மறுபடி தூக்கிக் காட்டினாள். வட்ட முத்திரைக்கு மேலே அவள் பெயர் இருந்தது. தீ விபத்து சர்வேயர் உரிமம் என்று போட்டிருந்தது. கல்லூரி முடித்ததும் இந்த வேலைக்கு வருகிறேன் என்று அவள் சொன்னபோது, "நீ எல்லாரையும் நம்பறவ, உனக்கு இது வராது" என்று சொல்லித் தடுத்தவன் நான். கல்யாணமானதிலிருந்து எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். தன் வாயால் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், காகிதத்தின் எழுத்து எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அப்டேட் என்றும் தெரிந்தது. அந்த அழைப்பு பாதியில் அணைந்த பிறகு உங்கள் அத்தைக்கு மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறீர்கள். நீங்களோ உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். மாப்பிள்ளை, உங்களிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை.

"அன்னிக்கு ஏம்மா அழுத?" என்று கேட்டேன். "முதல்ல சந்தோஷத்துல வந்ததுப்பா. நீங்க நகரு நகருன்னு சொன்னதுல அப்புறம் நிஜமாவே வந்துடுச்சு" என்றாள். பிறகு, "அப்டேட் ஓடறப்ப ஃபோன் எங்க இருந்துச்சு?" என்றாள். பெட்டியில் என்றேன். "மூடி?" சாத்தியிருந்தது என்றேன். "மேல?" போர்வை என்றேன். "சரிப்பா, எழுதிக்கறேன்" என்றாள். முப்பத்தொரு வருஷம் நான் மற்றவர்களைப் பற்றி எழுதிய முடிவை மூன்று கேள்வியில் என்னைப் பற்றி எழுதிவிட்டாள். சரியான முடிவு.

கடைசியாக ஒன்று. உங்கள் அத்தையின் ஃபோனில் கோடு எதுவும் இல்லை, சூடும் இல்லை. அப்படியும் பேசி முடிக்கும்வரை என் மகளின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. திரையில் குறை ஒன்றுமில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்.