இருபத்து நான்கு தேங்காய்களும் ஒரு பாராட்டு விழாவும்

சொல்லாமலே வேண்டிய பொருளை வாங்கி வந்த கணவன் என்ற புகழ் என் வாழ்வில் ஒரே ஒருமுறை எனக்குக் கிடைத்தது. அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நிலைத்திருந்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் அப்படியொரு புகழ் எனக்கு இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிய வந்தபோது புகழும் போயிருந்தது, தேங்காய்களும் போயிருந்தன.

இந்தக் கதையை இதுநாள்வரை சொல்லி வந்தவள் என் மனைவி தனம். அவள் சொல்லும்போது தேங்காய்கள் நாற்பது. "நாற்பது இல்லை, இருபத்து நான்கு" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து திருத்துவது என் பங்கு. ("கதை சொல்றது நானா, நீங்களா?" என்பாள்.) மூன்று மாதங்களாக இதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே, திருத்த மட்டுமே தெரிந்தவன் இப்போது கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புனேயை அடுத்த தேஹு ரோட்டில், படைத்தளவாடக் கிடங்கில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்தி வந்தன. நான் அப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் பசைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். என் முனைவர் பட்டமும் பசைகளைப் பற்றியதே. அதனால் அந்த வட்டாரத்தில் எனக்கு 'டாக்டர் சாப்' என்று பெயர். (காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களும் உண்டு.) படித்தவன் என்ற ஒரே காரணத்தால் பள்ளி நிர்வாகக் குழுவில் என்னைச் செயலாளராக்கினார்கள். படித்தவனிடம் ஒரு காரியத்தை ஒப்படைப்பதில் உள்ள ஆபத்தை அவர்கள் அதுவரை அறிந்ததில்லை.

அந்த ஆண்டு குழு ஒரு பாராட்டு விழா நடத்தத் தீர்மானித்தது. சிறந்த மாணவர்கள் பதினாறு பேர், பள்ளிக்குத் துணை நின்ற ஊர்க்காரர்கள் எட்டுப் பேர். ஆண்டுதோறும் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்த நர்ஸ் அம்மாள், விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை டெம்போவில் ஏற்றிச் சென்றவர், சுவர்ப்படங்கள் கொடுத்த காகிதக் கடைக்காரர் முதலானோர். எட்டாவது பெயர்தான் முக்கியமானது: தத்தோபா பைல்வான்.

பைல்வான் என்றால் மராட்டியில் மல்யுத்த வீரர். பள்ளிக்குப் பின்புறம் பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். அதை ஒட்டிய மைதானமும் அவருடையது. எங்கள் பள்ளிக்கென்று மைதானம் கிடையாது. பிள்ளைகள் ஓடியாடியதெல்லாம் அவர் இடத்தில்தான். அந்த ஆண்டு அந்த இடத்தைக் கல்யாணப் பந்தல்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க விழா முடியட்டும், சொல்றேன்" என்று பைல்வான் கூறியிருந்தார். கிடங்குக் குடியிருப்புப் பிள்ளைகளோடு வளர்ந்தவராதலால் அவருக்குத் தமிழ் வரும். எங்களைவிடக் கொஞ்சம் சத்தமாக வரும்.

குழுத் தலைவர் குப்புசாமி கிடங்கில் மூன்றாம் தலைமுறை ஊழியர். எந்த வாக்கியத்தையும் தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பவர். அவர் என்னை முன்பே எச்சரித்தார்.

"சார், பைல்வான் மனசு தங்கம். ஆனா மரியாதைல ஒரு இஞ்ச் கொறஞ்சா கதம், அவ்ளோதான்! போன வருசம் கணபதி விழாவுல இவருக்கு மட்டும் நாரியல் குடுக்க மறந்துட்டாங்கோ. இன்னிவரைக்கும் அந்தத் தெருவுல காலு வெக்கல."

நாரியல் என்று அவர் சொன்னது தேங்காயை. புனேயில் ஒருவரைப் பாராட்டுவதென்றால் ஒரு சால்வை, ஒரு பூச்செண்டு, குடுமி வைத்த முழுத் தேங்காய் ஒன்று, இவை மூன்றும் வேண்டும். சால்வை மெலிந்திருக்கலாம், பூச்செண்டு வாடியிருக்கலாம், தேங்காயில் மட்டும் குறை இருக்கலாகாது. அதை இரு கைகளால் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள்.

நான் திட்டமிட்டேன். நிமிட வாரியாக நான்கு பக்க அட்டவணை தயாரித்தேன். கடைக்காரர்களும் வந்து கலந்துகொள்ள வசதியாக, கடைத்தெரு மூடியிருக்கும் நாளாகப் பார்த்து விழாவை வைத்தேன். நானூறு பேருக்குச் சிற்றுண்டி செய்து தர தனமும் ஏழு பெண்களும் முன்வந்திருந்தார்கள். இட்லி, சாம்பார், சட்னி என்று அவள் கொடுத்த பட்டியலில் சட்னியை மட்டும் 'தவிர்க்கத்தக்க சிக்கல்' என்று குறித்து அடித்துவிட்டேன்.

"சட்னி இல்லாத இட்லிய நீங்களே மேடையில நின்னு தின்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அடுத்த இரண்டு நாட்கள் வீட்டில் அமைதி நிலவியது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குடுமி சிதையாத தேங்காய்கள் இருபத்து நான்கை நானே பொறுக்கியெடுத்து, விழா நாள் பகலில் மூட்டையாகப் பள்ளிக்குக் கொண்டுவந்தேன். மேடையின் பின்வாசலுக்கு மிக அருகிலுள்ள இடத்தை அடியளந்து கண்டுபிடித்து அங்கே வைத்தேன். அது சமையல் கொட்டகையின் வாசல். மூட்டையின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். பசையில் முனைவர் பட்டம் பெற்றவனுக்கு அது தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு விழா. நாலேகாலுக்குத் தேங்காய்களை எண்ணிப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கொட்டகையே மலர்ந்தது.

"வந்துட்டாக பாருங்கடி!" என்றாள் தனம். "ரெண்டு நாளா மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டுத் திரிஞ்ச மனுசன், சொல்லாம கொள்ளாம மூட்டையோட கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுப் போயிருக்காக!"

"குடுத்து வச்சவங்க அக்கா நீங்க" என்றாள் ஒரு பெண். "எங்க வீட்டுல சொன்னாகூட உப்பு வராது."

எனக்குப் புன்னகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியாமலே புகழை ஏற்றுக்கொள்ளும் பலவீனம் எனக்கு உண்டு. பிறகு கேட்டேன்: "மூட்டை எங்கே?"

"எந்த மூட்டை?"

"தேங்காய் மூட்டை."

தனம் பெருமிதத்துடன் பெரிய அண்டாவின் மூடியைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று சட்னி, மேலே கடுகும் கறிவேப்பிலையும். மணம் அபாரமாக இருந்தது என்பதை நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும்.

"அது பைல்வானுக்கு…" என்றேன்.

"அவருக்கும்தான். எல்லாருக்கும்தான்."

"இல்லை. சால்வையோடு கொடுப்பதற்கு."

அவள் கையிலிருந்த மூடி மெல்லக் கீழே இறங்கியது. "ஐயையோ! சொன்னீகளா? ஒரு வார்த்தை சொன்னீகளா?" என்றவள், கவிழ்த்து வைத்திருந்த குண்டானின் மேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழிய. ஏழு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குப்புசாமி ஓடி வந்தார். அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற வாங்கலாம்னா இன்னிக்கு மார்க்கெட் பந்த்! யாரு சார் இந்தக் கிழமைல விழா வெச்சது?"

நான் அட்டவணையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"அரே சார், பைல்வான் கிட்ட உள்ளத சொல்லிடலாம்."

இங்கேதான் என் கல்வி குறுக்கே வந்தது. கொட்டகையின் மூலையில் தேங்காய் ஓடுகள் குவிந்து கிடந்தன. இரண்டு பாதிகளைச் சேர்த்தால் ஒரு முழுமை. சேர்ப்பது என் துறை. "பதற வேண்டாம்" என்றேன். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்து, ஆய்வுக்காக வைத்திருந்த அதிவேகப் பசையைக் கொண்டுவந்தேன். ஓடுகளை இணை இணையாக ஒட்டினேன். குடுமி பிய்ந்தவற்றுக்குக் குடுமியும் ஒட்டினேன். இணைப்புத் தெரியாதபடி நடுவில் ஜரிகை நாடா கட்டினேன். பார்வைக்கு அசல் தோற்றது.

ஈரமான பரப்பில் இவ்வகைப் பசை பிடிக்காது என்பது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். அந்த அத்தியாயத்தை உலகில் இரண்டு பேர்தான் படித்திருந்தோம். ஒருவர் என் நெறியாளர். மற்றவன், நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஓடுகளில் பிடிக்காத பசை, என் இடது உள்ளங்கையில் மட்டும் மிகச் சிறப்பாகப் பிடித்தது. சாம்பாருக்காகப் பெண்கள் கொண்டுவந்திருந்த தேங்காயின் பாதி ஓடு ஒன்று கையோடு வந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். தோல் வரத் தயாராக இருந்தது, ஓடு தயாராக இல்லை. இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேடையேறினேன். பார்த்தவர்கள் அதைப் பணிவு என்று எண்ணியிருக்கக்கூடும்.

மாணவர்களில் மூன்றாவதாக வந்தவள் என் மகள் உமா. வயது பத்து, அழகான கையெழுத்துக்காகப் பாராட்டு. சிறப்பு விருந்தினராக வந்த கல்வி அதிகாரி தேங்காயைக் கொடுத்தார். தாயின் மகளல்லவா, வாங்கியதும் காதருகே வைத்து ஆட்டினாள். ஒலிபெருக்கி அருகிலிருந்தது.

"அப்பா! இது காலியா இருக்கு!"

கூட்டம் சிரித்தது. நான் பல்வலிக்காரனின் புன்னகையொன்றை வழங்கினேன். அதன்பின் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பதினாறு பிள்ளைகளும் மேடை ஓரத்தில் வரிசையாக நின்று, காதில் தேங்காய் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் பண்பாளர்கள். காகிதக் கடைக்காரர் ஆட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு இறங்கினார். நர்ஸ் அம்மாள் மட்டும், பிறந்த குழந்தையின் எடை குறைவைக் கண்டவர்போல, கவலையுடன் என்னை ஒருமுறை பார்த்தார்.

பைல்வான் வந்தார். மேடைப் பலகைகள் முனகின. சால்வையை ஏற்றார், பூச்செண்டை ஏற்றார். தேங்காயை இரு கைகளால் வாங்கிக் கண்களில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, பிறகு கூட்டத்துக்குக் காட்ட ஒற்றைக் கையில் உயர்த்திப் பிடித்தார். மல்யுத்த வீரரின் பிடி. நாடா தெறித்தது. குடுமியுள்ள பாதி அவர் கையில் நின்றது. மற்றப் பாதி உருண்டு, கல்வி அதிகாரியின் செருப்பருகே போய் உட்கார்ந்து ஆடியது.

வெறும் ஓட்டைக் கொடுத்து ஒரு மனிதரை நாங்கள் மேடையில் அவமதித்திருந்தோம். "போச்சு சார்" என்றார் குப்புசாமி என் காதில். "கிரவுண்டு போச்சு."

மன்னிப்புக் கேட்பதற்காக என்னையறியாமல் இரு கைகளையும் கூப்பினேன். அவை கூடவில்லை. இடக்கையில் பாதித் தேங்காய் இருந்தது.

பைல்வான் தம் கையிலிருந்த பாதியைப் பார்த்தார். என் கையிலிருந்த பாதியைப் பார்த்தார். நிதானமாக என்னிடம் நடந்து வந்து, தம்முடையதை என்னுடையதன் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்தார். திருப்பி வைத்தும் பார்த்தார். பொருந்தவில்லை.

"டாக்டர் சாப்" என்றார், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல். "உள்ள இருந்த நாரியல் எங்க?"

அப்போது மேடையின் பின்வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இந்தா இருக்குண்ணே!"

இடுப்பில் சொருகிய சேலையும் வேர்த்த முகமுமாகத் தனம், சட்னி வாளியோடும் கரண்டியோடும் மேடைக்கு வந்துவிட்டாள். "உங்க தேங்காய நான்தான் அரைச்சுப்புட்டேன். இவுக மேல தப்பில்ல. இவுக சொல்லாதது ஒண்ணுதான் தப்பு. அத நான் வீட்டுல போயிப் பேசிக்கிறேன். நீங்க கைய நீட்டுங்க."

பைல்வான் கையை நீட்டினார். ஒரு கரண்டி சட்னி விழுந்தது. நக்கினார். கண்ணை மூடினார். மைதானத்தின் எதிர்காலம் அந்த நாக்கில் இருந்தது.

"வஹினி," என்றார். மராட்டியில் அண்ணிக்கு அப்படித்தான் சொல்வார்கள். "இன்னும் போடுங்க."

பிறகு அவர் சிரித்த சிரிப்பு தேஹு ரோடு ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். ஒலிபெருக்கியை அருகே இழுத்தார். "கிரவுண்டு பசங்களோடது. பந்தல்காரன்கிட்ட நான் சொல்லிடுறேன். ஆனா அடுத்த வருசம் எனக்கு நாரியல் வேணாம். இதுதான் வேணும்." தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து, மடித்து, இரு கைகளாலும் தனத்திடம் நீட்டினார். அவள் வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் வாளி, மறு கையில் ஓடு. கைதட்டக்கூட என்னால் முடியவில்லை.

நானூறு பேருக்குச் சமைத்த எட்டுப் பெண்களில் ஒருவர் பெயர்கூட என் நான்கு பக்க அட்டவணையில் இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் எட்டுப் பெயர்களும் இருந்தன. பைல்வானுக்கு மேடையில் மூடி போட்ட தூக்கு ஒன்று வழங்கப்பட்டது.

கையிலிருந்து ஓட்டைக் கழற்ற மூன்று நாளாயிற்று. தனம்தான் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி எடுத்தாள். எண்ணெயை ஊற்றும்போதெல்லாம் சிரித்தாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் வெறுமையான எதற்கும் ஒரே பெயர்: 'அப்பா தேங்காய்'. தீர்ந்த காஸ் சிலிண்டர், பேனா, என் ஓய்வூதியக் காலத் திட்டங்கள் அனைத்தும் அப்பா தேங்காய்தான்.

தனத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்கு உமா புனேயின் பாணேர் பகுதியிலிருந்து வந்திருந்தாள். இப்போது ஐ.டி.யில் வேலை. பைல்வானும் வந்து, மூட்டு வலியால் தரையில் உட்கார முடியாமல், வாசலோரம் நாற்காலியில் இருந்தார். சடங்கு செய்தவர் "ஒரு நல்ல தேங்காய் எடுத்துக் குடும்மா" என்றார். உமா ஒன்றை எடுத்தாள். பழக்கம்; காதருகே வைத்து ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தாள். வாசலிலிருந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்ட ஒரு கனத்த உடம்பு குலுங்கும் ஓசை வந்தது. அவ்வளவுதான், உமாவும் சிரித்துவிட்டாள். அவளால் நிறுத்த முடியவில்லை. அவள் அம்மாவின் சிரிப்பு அது.

விருதுநகரிலிருந்து வந்திருந்த தனத்தின் சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மாப்பிள்ளை, பிள்ளை எதுக்குச் சிரிக்குது?"

சுருக்கமாகச் சொன்னேன். மூட்டை, சட்னி, பசை, பைல்வான். அவர் வாயைப் பிளந்தபடி கேட்டார்.

"அடேயப்பா! எத்தனை தேங்காய் மாப்பிள்ளை?"

உமா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"நாற்பது" என்றேன்.