அக்காவுக்குப் பசி வந்த ஏழு நாட்கள்

மதிப்பும் பாசமும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் சின்ன மகள், போர்வைக்குள் டார்ச் விளக்கைத் தாடையில் இடுக்கிக்கொண்டு எழுதுவது. நான் நலம், அம்மா நலம், அப்பா நலம். அக்கா ரொம்ப நலம். அந்த ‘ரொம்ப’தான் ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை. நீங்களும், ஒலிப்பதிவுக் கூடத்தில் உங்களோடு வேலை பார்ப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். ஆனால் அளவாக இருங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். “பெரியவங்க கேக்குற நாடகம், நீ கேக்காத” என்று நீங்கள் சொன்ன காட்டேரி நாடகத்தை, சொன்ன அன்றே கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஆறு பகுதியும் கேட்டாயிற்று. அந்த உறிஞ்சும் சத்தம், காலி டம்ளரில் குழல் போட்டு நீங்களே உறிஞ்சியதுதான் என்று எனக்குத் தெரியும். தலைமைக் காட்டேரி பேசுவது உங்கள் தொண்டைதான் என்றும் தெரியும். தெரிந்து என்ன பயன், இருட்டில் காதுக்குள் வந்து “உன் கண்ணீர் இன்னும் காயவில்லையே, குழந்தாய்” என்று நீங்கள் சொன்னால் சொந்த மாமா என்றா தோன்றும்? சூரியன் அணைந்துபோன கிரகம், இழந்த காதலையே எரிபொருளாக ஊற்றி ஓட்டும் விண்கப்பல் எல்லாம்கூட எனக்குப் பயமில்லை. காட்டேரி இரத்தத்தை அல்ல, இழந்த காதலைத்தான் உறிஞ்சும், கடிபட்டவருக்கு வலிக்கவே வலிக்காது, மறுநாள் நன்றாகப் பசிக்கும், வாயில் பாட்டு வரும், முழங்கையின் உள்பக்கம் சிவப்பாய் ஒரு புள்ளி மட்டும் இருக்கும், ஏழாம் நாள் பழைய காதல் தீர்ந்துபோய் மிச்சமிருக்கும் பாசத்தையும் உறிஞ்சிவிடும், அப்புறம் கூடப் பிறந்தவளைப் பார்த்தே யார் என்று கேட்பார்கள் என்று வருகிறதே, அதுதான்.

ஏனென்றால் நம் அக்கா இருபத்திரண்டு நாள் அழுதாள் மாமா. கல்யாணம் பேசி முடித்த மாப்பிள்ளை, வேறு இடத்தில் முடிவாகிவிட்டது என்று போனில் சொன்னாரே, அதற்கு. அவர் பெயரை எழுதினால் அம்மா கண்ணில் பட்ட நிமிஷம் காகிதம் சுக்கல் சுக்கலாகிவிடும். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் என்பதால் கண்ணாடிக்காரர் என்றே எழுதுகிறேன். இருபத்திரண்டு நாளும் அக்கா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொறித்ததைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. இருபத்துமூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவள் மூன்றாம் முறை சோறு கேட்டாள். துணி காயப்போடும்போது பாட்டு முணுமுணுத்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன், முழங்கையின் உள்பக்கம் ஒன்றுக்கு இரண்டாகச் சிவப்புப் புள்ளி.

அம்மாவிடம் ஓடினேன். “அம்மா, அக்கா சரியில்ல.”

“இன்னைக்குத்தான்டி சரியா இருக்கா. கண்ணு வைக்காம போய்ப் படி.”

என்ன செய்வேன். இழந்தவர் பெயரைக் கடிபட்டவர் காதில் விழும்படி தினம் மூன்று முறை சொன்னால் காட்டேரி ஒதுங்கும் என்று நான்காம் பகுதியில் வருகிறது. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காலைச் சாப்பாட்டில் “அவர் இந்நேரம் பல் தேய்ச்சிருப்பாரா?” என்று பெயரோடு கேட்டேன், அம்மா தலையில் குட்டினாள், அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். மத்தியானம் அக்காவின் சாப்பாட்டு டப்பாவில் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி வைத்தேன்; அது அப்பாவின் டப்பாவாகப் போய், அப்பா அலுவலகத்தில் நான்கு பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு நாளில் எனக்கு விழுந்த குட்டு பதினொன்று. அக்கா மட்டும் கோபப்படவேயில்லை. சிரித்தாள். இன்னொரு இட்லியும் கேட்டாள்.

இன்று ஏழாம் நாள். வேறு வழி தெரியாமல் பள்ளி விட்டதும் நேரே கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார வைத்து “கீழ் வரியைப் படிம்மா” என்றார். “கீழ் வரில இருக்கிறது, எங்கக்கா இன்னைக்கு ராத்திரி உங்களைச் சுத்தமா மறந்துடுவா” என்றேன்.

அவர் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது. “மறந்துடுவாளா? அதுக்குள்ளயா?”

“ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயிடுங்க, போதும்.”

ஏழு மணிக்கு வந்துவிட்டார் மாமா, தலையை நனைத்து வாரிக்கொண்டு. அக்காதான் கதவைத் திறந்தாள். நான் கதவுக்குப் பின்னால். அக்கா அவரை உற்றுப் பார்த்து “யாரு?” என்று கேட்டாள். அடுத்தது நான்தான், என்னைப் பார்த்தும் இப்படித்தான் கேட்கப் போகிறாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அக்கா உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். “ஓ, நீங்களா. நல்லதாப் போச்சு. நீங்க குடுத்ததுதான், வலது பக்கம் ஆடுது. கொஞ்சம் முடுக்கிக் குடுங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து வாசலில் நின்றபடியே முடுக்கிக் கொடுத்தார். அக்கா போட்டுப் பார்த்து, “இப்பத்தான் எல்லாம் தெளிவாத் தெரியுது. போயிட்டு வாங்க” என்று கதவைச் சாத்தினாள்.

அப்புறம் என் காதைப் பிடித்தாள். நான் அழுதுகொண்டே காட்டேரி, கிரகம், புள்ளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நரம்பு கிடைக்கவில்லையாம், ஊசி குத்திப் பழகட்டும் என்று அக்கா தன் கையையே நீட்டினாளாம்.

“அப்ப அவரை மறந்துட்டியா?”

“மறக்கலடி. நெனச்சா வலிக்கல, அவ்வளவுதான்.” கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னை?”

“உன்னையா? என் சீப்பை உடைச்சு அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சது, என் ரிப்பன எடுத்து நாய்க்குக் கட்டுனது, என் பரீட்சை அன்னைக்குக் கடிகாரத்தை நிறுத்துனது...” என்று எட்டு மணிவரை சொல்லிக்கொண்டே போனாள். மாமா, இத்தனை வருஷக் கணக்கை ஒன்றுவிடாமல் வைத்திருப்பவளை எந்தக் கிரகத்துக் காட்டேரியும் தொட்டிருக்க முடியாது. இதோ, பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், கால் என் மேல் கிடக்கிறது. கனமாக இருக்கிறது, எடுக்கச் சொல்லவில்லை.

இனி உங்கள் நாடகத்தைக் கேட்கவே மாட்டேன். தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம்.

பாசமுள்ள
மருமகள்

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். உங்கள் அக்கா, அதாவது என் அம்மா, தனியாக உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். மாமா, பாட்டு முணுமுணுக்கிறாள். அம்மாவுக்குப் பாடத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு முன்னால் அம்மா யாரை இழந்தாள்? தம்பி நீங்கள், தெரியாமல் இருக்காது. விவரம் எதுவும் வேண்டாம், பெயரை மட்டும் உடனே எழுதி அனுப்புங்கள். காலைச் சாப்பாட்டில், அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போதே, மூன்று முறை சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.