இரண்டு இராசாவுக்கு ஒரு முடி

யேசு மரி சூசை துணை

அரியாலை.

அன்புள்ள மச்சான் நீக்கிலாப்பிள்ளை அண்ணாவியாருக்கு, உம்முடைய அக்கா யோசப்பினின் புருசன் வஸ்தியாம்பிள்ளை சொல்லி எழுதுவித்தது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம். நீரும் இளவாலையில் சுகமாகத்தான் இருப்பீர். உமக்கு மனச்சாட்சி குத்துவதாக இதுவரை ஒரு செய்தியும் இந்தப் பக்கம் வரவில்லை.

மேலே வருடத்தைப் போடட்டுமா என்று மருமகள் அற்புதராணி கேட்கிறாள். எனக்கு எழுத்தும் இலக்கமும் தெரியாது, வருடம் தெரியும். கோட்டையை விட்டு ஆமி போன வருடத்துக்கு அடுத்த வருடம் இது. கரண்ட் போய், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிற வருடம். சவுக்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்க்கிற வருடம். எழுதத் தாளும் இல்லை. பழைய கொப்பி ஒன்றில் மிஞ்சியிருந்த ஒரே தாளில்தான் இது வருகிறது, ஆகவே சுற்றி வளைக்காமல் திட்டுகிறேன். நான் சொல்லச் சொல்ல அற்புதராணி எழுதுகிறாள். படித்த பிள்ளை, என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவாள். சொல்லைத் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மீன் ஏற்றி வந்தவரிடம் நீர் சொல்லிவிட்ட சேதி கிடைத்தது. யாகப்பர் பெருநாளுக்கு நாடகம் சுருங்கிவிட்டது, இனி ஒரு இராசா போதும், அது சிமியோன் என்று. இதை என் முகத்துக்கு நேரே சொல்ல உமக்கு வாய் வரவில்லை. மீன் பெட்டிக்கு மேலே வைத்து அனுப்பியிருக்கிறீர். சேதியும் அதே மணம்தான் மணத்தது.

உமக்குத் தெரிந்ததையே உமக்குச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. விடிய விடிய ஆடுகிற நாடகத்தை ஒரு தொண்டை தாங்காது என்றுதான் உம்முடைய ஐயா நாடகம் பழக்குகிற அண்ணாவியாராக இருந்தபோது ஒரு இராசாவை இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தார். முந்தின இராசா சிமியோன், பிந்தின இராசா நான். அவனுக்கு அரண்மனை, சிங்காசனம், கலியாணம், விருந்து. எனக்குக் காடு, பட்டினி, புலம்பல். அண்ணாவியார் தாளத்தில் மூன்று தட்டுத் தட்டினால் அவன் உள்ளே வரவேண்டும். திரைக்குப் பின்னால் அவன் தலையிலிருந்து முடியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு நான் வெளியே போகவேண்டும். முடி ஒன்றுதான். அன்று தொட்டு இன்றுவரை அவன் வியர்வை காயாத முடியைத்தான் நான் போட்டு வருகிறேன். ஒரு நாளாவது முறைப்பாடு சொன்னேனா? சொன்னேன்தான். ஆனால் உம்மிடம் சொல்லவில்லை.

இப்போது குண்டுக்குப் பயந்து, விளக்குக்கு எண்ணெயும் இல்லாமல், நாடகத்தைப் பகலில் போடுகிறோம். சரி. போன மாதம் பாசையூரில் நடந்ததற்கு வருகிறேன். அன்று விடியவே அரியாலைக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் வலை இழுத்தேன். அதைச் சந்தையில் கொடுத்துவிட்டு உடுவிலுக்குப் போய், அங்கே அகதியாக இருக்கிற எங்கள் பெடியளுக்குச் சேனாதிபதியின் வரவுப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் அதைப் பால் விற்கிறவன் கூப்பிடுவது போலப் பாட, திரும்பவும் சொல்லிக் கொடுத்து, ஒரு வெறும் தேத்தண்ணீரோடு அங்கிருந்து பாசையூருக்கு மிதித்தேன். கரியரில் வளையம் வைத்துத் தைத்த இராசாவின் கரப்பு உடுப்பு. அந்த வளையம் காற்றைப் பிடித்துச் சைக்கிளைப் பின்னுக்கு இழுக்கிறது, நான் முன்னுக்கு மிதிக்கிறேன், இரண்டுக்கும் நடுவே சைக்கிள் யோசித்துக்கொண்டு நிற்கிறது. முன்னால் ஹாண்டிலில் முடி. நல்லூரடியில் ஹெலி வந்துவிட்டது. முடியில் ஒட்டியிருக்கிற கண்ணாடித் துண்டெல்லாம் வெயிலில் பளீர் பளீர் என்கிறது. கடைகளுக்குள் பதுங்கியிருந்த சனம், “அப்பு, உந்த மினுக்கத்தை மறையுங்கோ, உங்களோடை எங்களையும் கொண்டுபோகப் போறியள்” என்று கத்துகிறது. நான் சட்டையைக் கழற்றி முடிக்குப் போர்த்தி, வெறும் மேலோடு பாசையூர் போய்ச் சேர்ந்தேன். அப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்த முடியை என் கையாலேயே சிமியோனின் தலையில் வைத்தேன். இதை மறக்க வேண்டாம்.

எப்போதும் நீர் மேடையில் இராசாவுக்கு வலது பக்கம் இருப்பீர். அங்கே பங்கர் வெட்டிய மண் குவிந்து கிடந்ததால் இடது பக்கம் இருந்தீர். நேரம் வந்ததும் மூன்று தட்டுத் தட்டினீர். எனக்குக் கேட்டது. கடைசியில் இருந்து கச்சான் வறுத்து விற்றவளுக்கும் கேட்டது. சிமியோன் எழும்பவில்லை. திரும்பவும் தட்டினீர். அவன் சனத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு கையை வீசி, காட்டில் நின்று நான் பாட வேண்டிய புலம்பலை, என் புலம்பலை, சிங்காசனத்தில் சாய்ந்துகொண்டே எடுத்துவிட்டான். பாதி விருந்து சாப்பிட்ட வாயால் பட்டினிப் பாட்டு.

நான் என்ன செய்ய? நானும் களத்தில் இறங்கிவிட்டேன். முடி இல்லாத இராசாவாக, உம் பக்கத்தால் மேடைக்கு வந்தேன். வந்து அதே பாட்டை அவனைவிட உரத்துப் பாடினேன். மந்திரி யாருக்கு முழங்காலிடுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவே தரையைக் கும்பிட்டான். முன்னால் இருந்த ஒரு கிழவி, “ஒரு நாட்டுக்கு ரெண்டு ராசா வந்தால் பின்னை எரியாமல் என்ன செய்யும்” என்று பெருமூச்சு விட்டாள். சனம் கைதட்டியது. நான் அவன் இடது தோளடியில் நின்று, “முடியைத் தாடா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவன் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து, “ஓம், ஓம்” என்றான், தரவில்லை. நீர் அதைப் பார்த்துத் தாளத்தால் வாயை மறைத்துச் சிரித்தீர். நான் கண்டேன்.

அந்தத் திமிர் அவனுக்கு இன்று நேற்று வந்ததில்லை, கோட்டைச் சண்டை முடிந்ததிலிருந்தே இருக்கிறது. ரோட்டில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேசம் கட்டாமல் ஆடிப் பார்க்கிற வெள்ளுடுப்பு ஒத்திகையில் என் பாட்டுக்கு ஒருமுறை நல்லது என்று சொன்னதில்லை. பூசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் இப்போது எழும்பி மற்றப் பக்கம் போய் இருக்கிறான். சிங்காசனம் ஆளைக் கெடுத்துவிட்டது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பெருநாளில் அந்தப் புலம்பலை நான் பாடுவேன், தலையில் முடியோடு பாடுவேன். இல்லாவிட்டால் முடி என் வீட்டில் கட்டிலுக்குக் கீழே அரிசிப் பானைக்குள் இருக்கிறது, அங்கேயே இருக்கும். சிமியோன் சுளகைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அரசாளட்டும். இதற்கு அடுத்து நான் சொன்ன சொல்லை அற்புதராணி எழுத மாட்டேன் என்கிறாள். இங்கே கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன், நீரே நிரப்பிக்கொள்ளும்.

உம் வீட்டில் எல்லோருக்கும் மாதாவின் ஆசீர் நிறைவாகக் கிடைக்கட்டும். உமக்கும் கிடைக்கட்டும். சிமியோனுக்கும் கிடைக்கட்டும், ஆனால் கொஞ்சம் பிந்திக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பிந்தின இராசா வஸ்தியாம்பிள்ளை

பிற்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்றேன், வேறு தாள் இல்லை என்கிறாள் அற்புதராணி. படித்துவிட்டீரென்றால் மறந்துவிடும்.

கடிதத்தை மடிக்கும் நேரம் வேலிப் படலையில் சிமியோன் வந்து நின்று உம் அக்காவோடு கதைத்தான். நான் கிணற்றடியிலிருந்து வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் பரம்பரையில் ஒருவரையும் விடாமல் இழுத்தேன். அற்புதராணி காதைப் பொத்தினாள். அவன் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போன பிறகுதான் என்னைக் கண்டான். கண்டதும் மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான். உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய்.

“வஸ்தி, இதை ரெண்டு காதுக்கும் விடு. அண்டைக்கு உனக்கும் தாளம் கேக்கேல்லை, நீயும் என்னைக் கூப்பிடாமல் நிண்டிட்டாய். சனம் சிரிக்கப் போகுது எண்டுதான் உன்ரை பாட்டை நான் எடுத்தனான். ஒருத்தருக்கும் சொல்லாதை, சொன்னால் எங்களை நாடகத்துக்கு எடுக்க மாட்டாங்கள். எனக்குக் கோட்டைப் பக்கம் ஷெல் விழுந்ததிலை இருந்து இடப்பக்கம் அடைச்சுப்போச்சு. இந்த எண்ணெய் எனக்குச் சரிவரேல்லை, உனக்குச் சரிவரும்.”

என் மானத்தைக் காப்பாற்றப் பாடியிருக்கிறான், செவிடன். நானும் “ஓம், ஓம்” என்றேன். இப்போது என் இரண்டு காதிலும் எண்ணெய். அற்புதராணி தான் எழுதுவதை வாசித்துக் காட்டுகிறாள், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இது உமக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தீரென்றால் அதற்கு வேறு கடிதம் வரும், தாள் கிடைத்ததும்.

பெருநாளுக்கு இரண்டு இராசாவும் வேண்டும். நீர் வலது பக்கம் இரும், மலை இருந்தாலும் வெட்டிவிட்டு இரும். தாளம் தட்டினதும் நான் மேடைக்கு வந்து அவன் தோளைத் தொடுவேன். சனம் பார்க்க, அவன் கையாலேயே முடியை என் தலையில் வைக்கட்டும். நாடகத்தில் புதிது என்று சொல்லும். காது என்று சொல்ல வேண்டாம்.

தனுஷ்கோடி ரெயிலைக் கடல் கொண்டுபோன புயலுக்கு முன் வந்த யாகப்பர் பெருநாளில்தான் இந்த நாடகம் முதலில் மேடை ஏறியது. நீர் அப்போது உம் ஐயாவின் மடியில் நித்திரை. அன்று மந்திரிக்கு ஆடினவர் படுக்கையில் போனார். சேனாதிபதி கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. இராணிக்கு ஆடிய அடைக்கலநாதனைப் போன வருடம் பாட்டில்லாமல் புதைத்தோம். அந்த மேடையில் நின்றவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பது ஒருவன்தான். சிமியோன்.