அஞ்சாம் நம்பரிலும் அசையாத முடி

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்காவும் நானும் சுகம். என் தலைமுடிக்குத்தான் உடம்பு சரியில்லை. நீயும் உன் சலூனும் நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதே வாழ்த்திவிடுகிறேன், விஷயத்துக்குள் போனபிறகு வாழ்த்த மனசு வருமோ வராதோ.

எங்கள் ஃபேன் கடை முதலாளி, சனிக்கிழமை கம்பெனி மேனேஜர் வருகிறார், அவர் கண்ணில் எவன் பளிச்சென்று படுகிறானோ அவனுக்குத்தான் மாடி ஷோரூம் பொறுப்பு என்று சொன்னதும் உனக்கு போன் செய்தேனே, அங்கே பிடித்தது சனி. எனக்கு அந்த மாடி வேண்டும் மச்சான், எத்தனை வருஷம்தான் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கத்துவது? ஆனால் என்னுடையது பூனை முடி. வியர்த்தால் மண்டையோடு ஒட்டும், காற்றடித்தால் ஊரைவிட்டே ஓடப் பார்க்கும். நீதான், "கவலைய விடுங்க அத்தான், பஃப் வெச்சு அசத்திடலாம்"னு வேக்ஸும் ஸ்ப்ரேயும் அனுப்பி வைத்தாய். எண்ணெய் கூடாது, ஈரம் பாதி காய்ந்ததும் தலையைக் கவிழ்த்து வேரில் டிரையர் காட்டணும், பட்டாணி அளவு வேக்ஸை உள்ளங்கையில் தேய்த்துப் பின்னாலிருந்து முன்னால் தடவணும் என்றாய். மாடி கிடைக்கிற காரியத்துக்குப் பட்டாணி என்ன பட்டாணி என்று நான் சனிக்கிழமை காலையில் எலுமிச்சை அளவு எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மாடு நக்கின கன்றுக்குட்டி. உன் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார்.

திரும்பக் குளித்து, இந்தத் தடவை நிஜப் பட்டாணியே வைத்தேன். எழுந்து நின்றது பாரு! எனக்கே என்னைப் பார்த்து வணக்கம் சொல்லத் தோன்றியது. அதோடு விட்டிருக்கணும். கடை முழுக்க ஃபேன் ஓடுமே, கவிழ்ந்துவிட்டால் மானம் போகுமே என்று ஸ்ப்ரேயை டப்பா காலியாகிற வரைக்கும் அடித்துவிட்டேன். பஸ்ஸில் ஒரு ஜன்னல் கம்பியில் தலை இடித்தது, டொக்குன்னு சத்தம் வந்தது, வலிக்கவே இல்லை.

மேனேஜர் வந்தார். அதே சமயம் ஒரு அம்மா, வீட்டுக்காரரோடு ஸ்டாண்டு ஃபேன் பார்க்க வந்தார். நான் ஃபேனுக்கு முன்னால் கம்பீரமாக நின்றுகொண்டு அஞ்சாம் நம்பர் வைத்தேன். அந்த அம்மா ஃபேனைப் பார்க்கவில்லை, என் தலையையே பார்த்தார்.

"ஏங்க, அஞ்சுல வெச்சும் இவரு முடி ஆடவே இல்லீங்களே? இதுல காத்தே வராது போல. வேற கடைக்குப் போலாம்."

மேனேஜர் முகம் செத்துவிட்டது. மோட்டாரில் கோளாறு என்று நினைத்து அவரே குனிந்து பிளக்கை ஆட்டிப் பார்த்தார். முதலாளி என் பஃப்பில் ஒரு தட்டுத் தட்டினார், கொட்டாங்குச்சியைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

"யோவ், என்னய்யா இது தலையில?"

"ஸ்ப்ரே சார். மச்சான் குடுத்தாப்ல."

"முதல்ல போய்க் கழுவு!"

கை கழுவுகிற சோப்பைப் போட்டுக் கழுவினேன் மச்சான், அழுகை வந்துவிட்டது. மாடியும் போச்சு, பஃப்பும் போச்சு என்று திரும்பி வந்து, தலை காயட்டும் என்று அதே ஃபேன் முன்னால் ஒண்ணாம் நம்பரில் நின்றேன். காய்ந்ததுதான் தாமதம், என் பூனை முடி மொத்தமும் எழும்பிப் பறந்தது. வேறு கடைகளில் விலை கேட்டுவிட்டு எங்கள் வாசல் வழியாகப் போன அந்த அம்மா அதைப் பார்த்து உள்ளே ஓடி வந்தார்.

"ஒண்ணுலயே இந்தப் பற பறக்குதே! இதையே கட்டுங்க!"

சாயங்காலம் வரைக்கும் என்னை ஒண்ணாம் நம்பரிலேயே நிறுத்தி வைத்தார்கள், ஃபேன் ஃபேனாகப் போயிற்று. "இனிமே மாடி உன் பொறுப்பு. ஆனா தலையில ஒரு சொட்டு ஏதாவது தடவினே, தொலைச்சிடுவேன்" என்றார் முதலாளி. ஆகவே மச்சான், மீதி வேக்ஸைத் திருப்பி அனுப்புகிறேன், செத்தாலும் இனி அதைத் தொடமாட்டேன். உன் தொழில் ஓங்கட்டும். வாடிக்கையாளர்களுக்கு வழுக்கை மட்டும் விழாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பூனை முடிக்காரன், மாடிப் பொறுப்பு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் உன் அக்கா வாங்கிப் படித்தாள். அன்றைக்குக் காலையில் நான் பஃப்போடு நின்றபோது எனக்குத் தெரியாமல் என்னைப் படம் எடுத்து, செல்போன் முகப்பில் வைத்திருக்கிறாளாம். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ அழகா இல்லீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வேக்ஸ் வராது, எதிர்பார்க்காதே. ஸ்ப்ரேதான் தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பு. பெரிய டப்பாவாகவே அனுப்பு.